மஞ்சள் மனையும் ஏரிக் கோடியும்

1

அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு வருடம் பேச்சு ஓடியது. வங்கியில் போடலாம் என்றாள் அம்மா. ஏதாவது ஃபண்டில் போடலாம் என்றேன் நான். கடைசியில் அப்பா சொன்னதுதான் நடந்தது. "மண்ணுல போட்டா மண்ணு எங்கயும் ஓடிறாதுடா."

அப்படித்தான் சென்னைப் பெருநகரப் பகுதியின் தெற்கு ஓரத்தில் ஒரு கிராமத்துக்கு மனை பார்க்கப் போனோம். கிராமத்தின் பெயர் இங்கே வேண்டாம். வரிசையாகக் கல் நட்டு, கற்களின் தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்து, நுழைவாயிலில் ஒரு வளைவும் வைத்திருந்தார்கள். தரகர் மோர் வாங்கிக் கொடுத்தார். "டைட்டில் கிளியர் சார். தாய்ப் பத்திரத்துலேர்ந்து எல்லாம் இருக்கு. வில்லங்கம் போட்டுப் பாத்துக்கோங்க."

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டபோது கற்றுக்கொண்ட கேள்வி அது. "ஜோன் என்ன?"

"ரெசிடென்ஷியல்தான் சார், வேற என்ன?"

அன்று இரவு புல எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினேன். தரகர் சொன்னது உண்மைதான். முதன்மைக் குடியிருப்பு மண்டலம். வரைபடத்தில் மஞ்சள். அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு நிம்மதி. எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. அந்த வயல்வெளியை மஞ்சள் என்று தீர்மானித்தது யார்? எப்போது? எதைப் பார்த்து?

எங்கள் தொழிலில், பழைய நிரலில் புரியாத ஒரு வரி கண்ணில் பட்டால், அதை யார் எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. 'கிட் பிளேம்' என்று பெயர். பெயரில் பழி இருந்தாலும் அதை நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, எழுதியவர் அன்று எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தார் என்று புரிந்துகொள்ளத்தான். நிலத்துக்கு அப்படியொரு கட்டளை கிடையாது. கையால்தான் தேட வேண்டும். அப்படித் தேடியதில் கிடைத்தவை இவை.

2

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போகும் இடம். யாரும் நின்று பார்ப்பதில்லை. நானும் பல வருடம் பார்த்ததில்லை. 1773இல் நட்ட தூண் அது. அப்போது வரிசையாகப் பல தூண்கள் நட்டார்கள், மிஞ்சியது இது ஒன்றுதான். சென்னையில் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய மிகப் பழைய மண்டல எல்லை இதுதான் என்று தோன்றுகிறது.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரைத் துண்டு கிடைத்தது. கோட்டை எழுந்தது. கோட்டை மதிலுக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளையர் பட்டணம். அதற்கு வடக்கே நெசவாளிகளும் வணிகர்களும் துபாஷிகளும் வாழ்ந்த கறுப்பர் பட்டணம். யார் எங்கே வசிக்கலாம் என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்த ஊர் இது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் ஒப்பந்தப்படி திரும்பக் கொடுத்தார்கள். இந்தச் சண்டைகளில் இரு தரப்பும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: மதிலுக்கு அருகே வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நெருங்கி வருவான். ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். மீதியை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். பழைய கறுப்பர் பட்டணம் முழுக்கத் தரைமட்டமானது. அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. பிறகு வடக்கே, புதிதாக உருவான பட்டணத்தில், சென்ன மல்லீஸ்வரரோடு சேர்த்து அதை மறுபடி கட்டினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பழைய பட்டணத்தின் மேல்.

காலியான இடத்தில் மறுபடி யாரும் வீடு கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் தூண்கள். தூணிலிருந்து கோட்டைவரை கட்டடம் எழுப்பத் தடை. இன்றைய மொழியில் சொன்னால் 'கட்டுமானத் தடைப் பகுதி'. அந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தது பீரங்கி.

வீடு இழந்தவனுக்கு அந்த நிலம் பிறந்த மண். கோட்டைக்கு அது குறி பார்க்கும் வெளி. வரைபடம் கோட்டையின் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

3

இரண்டாவது வரைபடம் வரியினுடையது. நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் பட்டாவின் மூதாதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரயத்துவாரி முறையில், அரசு நேரடியாக உழவரிடம் வரி வாங்க முடிவு செய்தது. அதற்கு நிலத்தைத் துண்டு துண்டாக அளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். நீர்ப்பாசனம் உள்ளது நஞ்சை, மழையை நம்பியது புஞ்சை. வீடுகள் இருக்கும் இடம் நத்தம். ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, களம் எல்லாம் புறம்போக்கு. அதாவது வரிக் கணக்குக்குப் புறம்பானது.

அந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். ஊர் முழுக்கப் பயன்படுத்திய பொது நிலத்தின் பெயர், ஒருவரைத் திட்டுகிற சொல்லாகிவிட்டது. வரி தராதது எதற்கும் ஆகாதது என்ற எண்ணம் மொழிக்குள்ளேயே இறங்கிவிட்டது.

நத்தத்துக்குள் இன்னொரு கோடும் இருந்தது. பழைய ஆவணங்களில் ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. அந்தக் கோட்டை வெள்ளைக்காரன் போடவில்லை. ஏற்கெனவே இருந்ததை அவன் அளந்து எண் கொடுத்தான். எண் கொடுத்ததும் அது அரசாங்க உண்மையாகிவிட்டது. வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்று படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஊர், சேரி என்று படிக்கும்போது எத்தனை பேருக்கு அதே கோபம் வருகிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

மனை வாங்கப் போகிற பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டாவில் இருக்கும் 'வகைப்பாடு' வேறு, திட்ட வரைபடத்தில் இருக்கும் 'மண்டலம்' வேறு. முதலாவது வருவாய்த் துறையின் மொழி, இரண்டாவது நகரமைப்புத் துறையின் மொழி. பட்டாவில் நஞ்சை என்று இருக்கும் நிலம் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். பட்டாவில் புஞ்சை என்று இருப்பது திட்டத்தில் விவசாய மண்டலமாகவோ தொழிற்சாலை மண்டலமாகவோ இருக்கலாம். "பட்டா இருக்கு சார்" என்பது "வீடு கட்டலாம் சார்" ஆகாது.

4

நகரத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் இந்த இரண்டாவது மொழி எங்கிருந்து வந்தது? ஒரு கிளை ஜெர்மனியிலிருந்து. ஃபிராங்க்ஃபர்ட் நகரம் 1891இலேயே பகுதிக்குப் பகுதி வேறுபட்ட கட்டட விதிகளை வைத்திருந்தது. இன்னொரு கிளை அமெரிக்காவிலிருந்து. அதில் சலவைத் தொழிலாளர்கள் வருகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் மொடெஸ்டோ என்று ஒரு சிறு நகரம். 1885இல் அங்கே ஒரு விதி வந்தது. ரயில் பாதைக்கு மேற்கே, ஒரு குறிப்பிட்ட தெருவுக்குத் தெற்கே உள்ள பகுதியைத் தவிர வேறெங்கும் பொதுச் சலவையகம் நடத்தக் கூடாது. படித்தால் சுகாதார விதி மாதிரி இருக்கும். ஆனால் அங்கே சலவையகம் நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அனுமதிக்கப்பட்ட அந்த மூலைதான் சீனர்கள் வசித்த பகுதி. விதியில் 'சீனர்' என்ற சொல்லே கிடையாது. தொழிலைச் சொன்னால் போதும், ஆள் தானாக வெளியேறிவிடுவான்.

பிறகு 1916இல் நியூயார்க் முழு நகரத்துக்கும் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. தோலின் நிறத்தை வெளிப்படையாகச் சொல்லிக் குடியிருப்பைப் பிரித்த லூயிவில் நகரத்தின் விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் ரத்து செய்தது. ஆனால் 1926இல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில், நிலத்தை அதன் பயன்பாட்டின்படி பிரிக்கலாம் என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனி வீடுகள் இருக்கும் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பைத் தடுப்பதும் அதில் அடக்கம். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் யார், தனி வீட்டுக்கு வசதி உள்ளவர் யார் என்பதை விதி சொல்ல வேண்டியதில்லை. பணம் சொல்லிவிடும்.

இதனால் மண்டல விதியே கெட்டது என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரசாயனத் தொழிற்சாலை வரக் கூடாது என்பதும் மண்டல விதிதான். எண்ணூர், மணலி பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரே கருவி. யார் கையில், எந்தக் கேள்வியோடு இருக்கிறது என்பதுதான் விஷயம்.

5

1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிவிட்டுப் போனது. 'அவன் பெரிய எம்டன்டா' என்று இன்றும் பேச்சில் மிச்சமிருக்கிறது. அதே எம்டன் அடுத்த மாதம் இந்தியப் பெருங்கடலில் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் ஒரு கண்காட்சி இருந்தது. உலக நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், திட்டங்கள். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ், ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் சென்னைக்குக் கொண்டுவந்த நகரமைப்புக் கண்காட்சி அது. எல்லாம் கடலுக்கடியில் போனது. நண்பர்கள் அவசரமாகச் சேகரித்து அனுப்பிய புதிய படங்களை வைத்து 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுஸில் கண்காட்சியை நடத்திவிட்டார் கெடிஸ்.

அடிப்படையில் உயிரியல் படித்தவர். கண்காட்சிக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் ஊர்களுக்குப் போய், நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருவை நேர்க்கோட்டில் அகலப்படுத்த வரிசையாக வீடுகளை இடிக்கும் திட்டங்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். பாழடைந்த ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் அகற்றி, கிடைத்த வெளியில் மரம் வைத்து, மற்றதை அப்படியே விடுங்கள் என்பார். மலேரியாவைக் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். குளம் ஊரைக் குளிர்விக்கும், வெள்ளத்தைத் தாங்கும். சுத்தமாக வைத்து மீன் விடுங்கள் என்பது அவர் வாதம்.

1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே நடந்த பெரிய காரியம், நகரத்தின் மேற்கு ஓரத்தில் நீண்டு கிடந்த ஏரியை வடித்து அதன்மேல் ஒரு குடியிருப்புப் பகுதியை அமைத்தது. தியாகராய நகர். இன்று தீபாவளிக்கு நாம் துணி எடுக்கும் இடம் ஓர் ஏரியின் தரை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது. வியூதான் இல்லை. கொஞ்சம் வடக்கே நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு குடியிருப்புப் பெயர். 1970களில் அந்த ஏரியின் இன்னொரு பகுதி மேல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

தி.நகரைத் திட்டமிட்டவர்களைத் திட்டுவது சுலபம். பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து தெருக்களை விரித்து, மரம் நட்ட அழகான பேட்டை அது. நல்ல திட்டம்தான். அவர்கள் முன்னால் இருந்த கேள்வி, வளர்கிற நடுத்தர வர்க்கத்தை எங்கே குடிவைப்பது என்பது. அதற்கு மிக நல்ல பதிலைச் சொன்னார்கள். ஏரி எந்தக் கேள்விக்குப் பதிலாக அங்கே கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

6

இனி நேராக மஞ்சளுக்கு வருவோம்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 1920 சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. அதன் கீழ் உருவானதுதான் இன்று சி.எம்.டி.ஏ. என்று நாம் சொல்லும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். முதல் முழுமைத் திட்டம் 1970களில் ஒப்புதல் பெற்றது. இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல், 1,189 சதுர கிலோமீட்டருக்கு, 2026ஆம் ஆண்டை இலக்காக வைத்து வந்தது. 2022இல் பெருநகரப் பகுதியின் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள்.

திட்டத்தில் ஒவ்வொரு துண்டு நிலமும் ஏதாவது ஒரு மண்டலத்தில் இருக்கும். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, அபாயகரமான தொழிற்சாலை, திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறமல்லாதது என்று பட்டியல் போகிறது. வழக்கமாகக் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, திறந்தவெளிக்குப் பச்சை. ஆனாலும் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் இருக்கும் விளக்கக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் தேடும் வழியையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பத்திரத்திலிருந்து கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் உட்பிரிவோடு குறித்துக்கொள்ளுங்கள். மனை எண்ணோ தெருப் பெயரோ உதவாது, வரைபடத்துக்குப் புரிவது புல எண்தான். பத்திரம் பழையது என்றால் எண் மாறியிருக்கும், பட்டாவோடு ஒப்பிடுங்கள். பிறகு குழுமத்தின் இணையதளத்தில் கிராமத்தையும் எண்ணையும் கொடுத்தால் மண்டலம் வரும். ஒரே புல எண் இரண்டு மண்டலங்களில் பிரிந்து கிடப்பதும் உண்டு. அப்போது நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் துண்டு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பெரிய பணம் போடுவதாக இருந்தால் எழுத்துமூலச் சான்று கேட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

மண்டலம் தெரிந்தால் பாதிதான் முடிந்தது. அந்த மண்டலத்தில் எது அனுமதி, எவ்வளவு உயரம், எவ்வளவு காலி இடம் விட வேண்டும் என்பதெல்லாம் 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கின்றன. மண்டலத்துக்கு மேலே போர்வை மாதிரி வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை, விமானப் படைத் தளத்தை ஒட்டிய கட்டுப்பாடு, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரையோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு. மஞ்சள் என்று மகிழ்ந்துவிட்டு இந்தப் போர்வையைப் பார்க்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெருநகரப் பகுதிக்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம் போக வேண்டும். தமிழ்நாட்டின் பல கிராமங்களுக்கு முழுமைத் திட்டமே கிடையாது. அங்கே விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தனி விதிகள் 2017இல் வந்தன.

7

நிறம் ஒருமுறை தீட்டினால் நிரந்தரமா? இல்லை. உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். நிறத்தை மாற்ற சட்டத்திலேயே வழி இருக்கிறது. திட்டத்தின் மாற்றம் அரசிதழில் வரும். எங்கள் பாஷையில் சொன்னால், மூல நிரலின் மேல் ஒட்டுக்கு மேல் ஒட்டு. 2008 வரைபடத்தை மட்டும் பார்த்தால் போதாது, பிறகு வந்த மாற்றங்களையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

நிறத்தை மாற்றாமலேயே வாழ்க்கை மாறிவிடுவது இன்னொரு வகை. தி.நகரில் வீடுகள் கடைகளாயின, கடைகள் மாடி மாடியாக ஏறின. அனுமதித்ததற்கு மேல் கட்டிய கட்டடங்களை நகரம் முழுக்க என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, 1998இல் சட்டத்தில் 113-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம். ஒரு முறை மட்டும் என்று சொன்னது. பிறகு 2000, 2001, 2002 என்று நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் முதல் சலுகையை ஏற்று, நீட்டிப்புகளை ரத்து செய்தது.

மனைப்பிரிவுகளிலும் இதே கதை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனையை விற்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. சட்டத்தை மீறியவர் பட்டியலில் பெரிய கட்டடக்காரரும் இருந்தார், ஒன்றரை கிரவுண்டு வாங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இருந்தார். முன்னவருக்கு வழக்கறிஞர் இருந்தார். பின்னவருக்கு 'ஜோன் என்ன' என்று கேட்க வேண்டும் என்பதே தெரிந்திருக்கவில்லை.

8

நான் ஏழு வருடம் வேலை செய்த அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தது. ஆறாவது மாடி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கோரைப்புல்லும் தண்ணீரும். நாமக்கோழிகள் திரியும். ஒரு முனையில் குப்பைமேடு புகைந்துகொண்டிருக்கும். பள்ளிக்கரணை.

தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் தாழ்நிலம் அது. வரிக்கணக்கின் கண்ணில் அது வருமானம் தராத நிலம். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே குப்பை கொட்டுவதும் சரி, சாலை போடுவதும் சரி. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அடுத்த பத்து வருடத்தில் அந்தச் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். எனக்குச் சோறு போட்டவை அவைதான். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

இரண்டாம் முழுமைத் திட்டம் சதுப்பைத் தனியாகக் குறித்தது. 2007இல் ஒரு பகுதி காப்புக் காடானது. 2022இல் சுமார் 1,250 ஹெக்டேர் ராம்சார் தலமானது. தண்ணீரின் கேள்வியை யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டார்கள். தாமதமாக, சில இடங்களுக்கு மட்டும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு நான் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்தேன். தரைத்தள வீட்டு அக்கா இரண்டு பிள்ளைகளையும் ஒரு காஸ் சிலிண்டரையும் எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தார். அந்த வீட்டுக்கு அப்ரூவல் இருந்தது, பட்டா இருந்தது. தண்ணீர் எதையும் வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை.

9

மறுபடி அந்தக் கிராமத்துக்கு அப்பாவும் நானும் போனோம். தரகருக்குச் சொல்லவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டு ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். அப்பாதான் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை ஆடு என்று தொடங்கி மெதுவாக மனைக்கு வந்தார்.

"இங்க வூடு கட்லாமா ஆயா?"

"கட்டு, யாரு வேணான்றா."

"மழைக்கு எப்படி இருக்கும்?"

ஆயா கையிலிருந்த குச்சியை நீட்டி மேற்கே காட்டினார். தூரத்தில் ஏரிக்கரையின் பனைமரங்கள் தெரிந்தன. குச்சியை அங்கிருந்து மெதுவாகக் கிழக்கே இழுத்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களுக்கு நடுவே நிறுத்தினார்.

"ஏரி கோடி போச்சுன்னா தண்ணி இப்டிதான் வரும். இப்ப பத்து வருசமா எங்க கோடி போவுது. ஆனா போற அன்னிக்கி இப்டிதான் வரும்."

கோடி போவது என்றால் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரி நீர் வழிவது. வீட்டுக்கு வந்து கிராம வரைபடத்தைத் தேடி எடுத்தேன். ஏரியிலிருந்து ஒரு மெல்லிய ஓடைக்கோடு கிளம்பி, மனைப்பிரிவுக்கு இரண்டு புலம் முன்னால் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பட்டா நிலம். தண்ணீர் வயலில் பரவிப் போயிருக்கும். வயலுக்கு அது பிரச்சினையே இல்லை, நெல் இரண்டு நாள் நின்று தாங்கும். அதனால் அங்கே தனியாக ஓடை என்று யாரும் குறிக்கவில்லை. வரிக் கணக்கில் அது நஞ்சை. திட்டக் கணக்கில் குடியிருப்பு. இரண்டும் சரியான பதில்கள். ஆயாவின் குச்சி போட்ட கோடு எந்தக் கணக்கிலும் இல்லை, ஏனென்றால் அந்த நிலத்திடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

நாங்கள் அந்த மனையை வாங்கவில்லை. இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். வாங்கியும்விட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நான்கு வீடுகள் எழுந்திருந்தன. ஒரு வீட்டு வாசலில் புதுக் கோலம். கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. அவர்களும் புல எண்ணைத் தேடிப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கும் மஞ்சள் என்றுதான் வந்திருக்கும்.

2026க்குப் பிறகான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான வேலைகள் நடக்கின்றன. இப்படிப்பட்ட திட்டங்களின் வரைவு வரும்போது பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. பெரும்பாலும் நில உரிமையாளர்கள்தான் எழுதுவார்கள், தங்கள் நிலத்தின் நிறத்தை மாற்றச் சொல்லி. நான் இந்தமுறை எழுதலாம் என்றிருக்கிறேன். என் பெயரில் அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. இரண்டு புல எண்களையும், அவற்றுக்கு நடுவே குச்சியால் போட்ட ஒரு கோட்டையும் வரைந்து அனுப்ப வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். "ஆயா பேரையும் கேட்டு எழுதிக்கோ" என்றார். "வரைபடம் போட்டவங்க பேரு வேணும்ல."